பிள்ளைகளோடு குமரிக்கு வருகிறீர்களா? வெளியே சாப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் குடியிருக்கிறேன். ஏப்ரல் பாதி தாண்டினால் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, ரூம் போட்டாச்சு, ரயில் டிக்கெட் எடுத்தாச்சு. பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல." தங்கை குடும்பம், கல்லூரித் தோழிகள், வீட்டுக்காரரின் அலுவலக நண்பர்கள் என்று வருடத்தில் நாலைந்து குடும்பமாவது வருகிறது. அவர்களோடு சுற்றி, பிள்ளைகளை மடியில் வைத்து ஊட்டி, கற்றுக்கொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன். மூன்று நான்கு நாள் தங்கி, அவசரமில்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று வருகிறவர்களுக்காக இது.

ஒரு நாளைக்கு எத்தனை இடம் பார்க்கலாம், சாப்பாட்டை எங்கே நுழைப்பது?

இந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் பிள்ளைக்கு வீட்டில் எத்தனை மணிக்குப் பசிக்கும்? எட்டு மணி, பதினொன்று, ஒன்று, நாலரை, ஏழு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து நேரத்தையும் முதலில் தாளில் எழுதிவிட்டு, நடுவில் இருக்கும் இடைவெளியில் பார்க்கவேண்டிய இடங்களைப் போடுங்கள். இந்த மாவட்டத்தில் இது நடக்கக்கூடிய காரியம். கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் சுமார் இருபது கிலோமீட்டர். நடுவிலேயே சுசீந்திரம். எந்தச் சாலையில் போனாலும் பத்து நிமிடத்தில் ஒரு சாயாக்கடையோ மெஸ்ஸோ வந்துவிடும்.

பெரியவர்கள் இரண்டு மணி வரை பசி தாங்குவோம். நாலு வயதுப் பிள்ளை தாங்காது. பசி முற்றிய பிறகு கடைக்குள் கூட்டிப்போனால் எந்தச் சாப்பாட்டை வைத்தாலும் தள்ளிவிடும். "இந்த ஊர்ச் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கல" என்று என்னிடம் சொன்னவர்களிடம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று மணி என்றுதான் பதில் வரும்.

இன்னொரு லாபமும் உண்டு. மதியம் பன்னிரண்டரைக்குப் போனால் இடம் கிடைக்கும், சோறு சூடாக இருக்கும், பரிமாறுகிறவர் பொறுமையாகப் பேசுவார். ஒன்றரைக்குப் போனால் நாற்காலிக்குப் பின்னால் நின்று காத்திருக்கவேண்டும்.

காலையில் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

இட்லி, தோசை எங்கும் கிடைக்கும், பயப்படவேண்டாம். ஆனால் இங்கே வந்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று கேரளப் பக்கத்தோடு இருந்தது. அந்த வாசம் காலை உணவில் இன்றும் அப்படியே இருக்கிறது.

புட்டும் பழமும் பிள்ளைகளுக்கு முதல் தேர்வு. குழாயிலிருந்து தள்ளும்போது ஆவி பறக்க விழுவதைப் பார்ப்பதே அவர்களுக்குப் பாதி சந்தோஷம். ஆனால் புட்டு உலர்ந்தது, சின்னப் பிள்ளைக்கு அப்படியே கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். ஒரு பழத்தைப் போட்டு நன்றாகப் பிசைந்து, கொஞ்சம் பால் கேட்டு வாங்கி ஊற்றிக் கொடுங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையென்றால் புட்டும் பயறும் பப்படமும் சேர்த்துக் கேளுங்கள். பப்படத்தை நொறுக்கிப் பயறோடு சேர்த்து அவர்களே பிசையட்டும். கை அழுக்கானால் ஆகட்டும்.

ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால், இடியாப்பத்துக்கும் தேங்காய்ப்பால். இரண்டிலும் காரம் கிடையாது. கடலைக்கறி சில இடங்களில் காட்டமாக இருக்கும், முதலில் நீங்கள் ருசி பாருங்கள். ஏத்தன் பழத்தை அவித்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அது ஒன்று தின்றால் பதினொரு மணி வரை பிள்ளை பசி என்று சொல்லாது. வெளியூரில் நேந்திரம் என்பதைத்தான் இங்கே ஏத்தன் என்கிறோம்.

தேங்காய் எண்ணெய் வாசனை என் மகனுக்குப் பிடிக்காது. என்ன செய்வது?

உண்மையான சிக்கல்தான். இங்கே தாளிப்பு, பொரிப்பு எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய் இருக்கும். கடலை எண்ணெயில் பழகிய நாக்குக்கு முதல் நாள் ஒரு மாதிரி இருக்கும். முதல் நாள் ஆவியில் வெந்ததைக் கொடுங்கள்: இட்லி, இடியாப்பம், புட்டு. தோசைக்கு நெய் ஊற்றச் சொன்னால் ஊற்றுவார்கள். இரண்டாம் நாள் ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். இனிப்போடு சேர்ந்து வரும்போது அந்த வாசனை பிள்ளைகளுக்குப் பிடித்துவிடுகிறது. என் தங்கை மகன் அப்படித்தான் பழகினான். மூன்றாம் நாள் பப்படம் இல்லாமல் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

விவேகானந்தர் பாறைக்குப் போகும் நாளில் சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது?

நிறையப் பேர் தடுமாறுகிற நாள் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அது கடலுக்குள் இருக்கும் பாறைத்தீவு. நினைத்த நேரத்தில் போய், நினைத்த நேரத்தில் திரும்பி வர முடியாது. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் போகவேண்டும், அதற்கு வரிசையில் நிற்கவேண்டும். மே மாதத்திலும், சபரிமலைக் கூட்டம் வரும் கார்த்திகை மார்கழியிலும் அந்த வரிசை மிகவும் நீளம். போதாததற்கு, பாறைக்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டதிலிருந்து பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டேன் என்கிறார்கள். வரிசை, படகு, பாறை, பாலம், சிலை, திரும்பும் வரிசை எல்லாம் சேர்த்து மூன்று நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டிசம்பரில் நாங்கள் பத்தரை மணிக்குப் போய் வரிசையில் நின்றோம். படகு ஏறவே பன்னிரண்டு தாண்டிவிட்டது. கையில் இருந்தது ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பிஸ்கட் பொட்டலமும். பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கவேண்டும், உச்சி வெயிலில் கல் கொதித்தது. தோழியின் ஐந்து வயது மகள் பசியிலும் சூட்டிலும் அழுது அழுது கடைசியில் வாந்தி எடுத்தாள். நான் உள்ளூர்க்காரி, முன்யோசனையோடு கூட்டிப்போயிருக்கவேண்டும். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது இதுதான். படகுச் சேவை காலை எட்டு மணிக்குத் தொடங்கும். ஏழு மணிக்கே இட்லியோ இடியாப்பமோ வயிறு முட்டாமல் கொடுத்துவிடுவோம். எண்ணெய்ப் பலகாரமும் நிறையப் பாலும் வேண்டாம், படகு ஆடும்போது குமட்டும். ஆளுக்கு இரண்டு மட்டிப்பழம் (இந்த ஊர்ச் சின்ன வாழைப்பழம்), தண்ணீர், கொஞ்சம் பொரிகடலை பையில் இருக்கும். அதை வரிசையில் நிற்கும்போதே கொடுத்துவிடவேண்டும். பாறையில் இருப்பது நினைவாலயம், அங்கே தின்பண்டப் பையைப் பிரித்துக்கொண்டு உட்காருவது சரியில்லை. பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் கரைக்கு வந்துவிட்டால் நேராகச் சாப்பாட்டுக் கடை, பிறகு அறையில் தூக்கம். அன்றைக்கு மாலை வரை வேறு எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

கடல் சீற்றமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். பிள்ளையிடம் முந்தின நாளே "கடல் நல்லா இருந்தா போவோம்" என்று சொல்லி வையுங்கள்.

மதியச் சாப்பாட்டில் பிள்ளைகளுக்கு எது ஒத்துவரும்?

கடையில் உட்கார்ந்ததும் என்ன அரிசி என்று கேளுங்கள். சில மெஸ்களில் கொட்டை கொட்டையான சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு வரும். நல்ல அரிசிதான், ஆனால் பழகாத பிள்ளை மெல்லச் சிரமப்படும். வெள்ளைச் சோறு இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நாஞ்சில் நாட்டுச் சைவச் சாப்பாட்டில் தொடுகறிகள்தான் பிள்ளைகளுக்கான புதையல். அவியலில் காரம் குறைவாகத்தான் இருக்கும். துவரன் என்பது தேங்காய் சேர்த்த பொரியல். ஓலன், புளிசேரி கிடைத்தால் விடாதீர்கள். ஓலனில் தேங்காய்ப்பாலும் காயும், புளிசேரியில் தயிரும் அரைத்த தேங்காயும். பருப்பு, நெய், நொறுக்கிய பப்படம் என்று முதல் உருண்டையைத் தொடங்கி, பிறகு புளிசேரிக்குப் போனால் சாம்பார் தேவையே படாது. தீயல் வேறு விஷயம். வறுத்த தேங்காயில் புளியும் மிளகாயும் சேர்த்து அரைப்பது. அதைப் பெரியவர்கள் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாயசம் இருந்தால், இந்த ஊர்ப் பிள்ளைகள் செய்வது போல ஒரு பழத்தையும் பப்படத்தையும் அதிலேயே போட்டுப் பிசைந்து சாப்பிட விடுங்கள். பால் பாயசத்தோடு போளி கிடைத்தால் அன்றைய நாள் அவர்களுக்குத் திருவிழாதான்.

அளவில்லாச் சாப்பாடு போடும் கடைகளில் ஒரே இலையில் இரண்டு பேர் சாப்பிட விடமாட்டார்கள், அது நியாயம்தான். பிள்ளைக்கு அளவுச் சாப்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் தயிர்ச்சோறு தனியாக வாங்கி, அவியலைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

கன்னியாகுமரி ஊருக்குள் வடநாட்டு ரொட்டி, சப்ஜி போடும் கடைகள் நிறைய. பிள்ளைக்குச் சப்பாத்தி வேண்டுமென்றால் அங்கே கவலையில்லை.

முதல் முறையாக மீன் கொடுக்கப்போகிறோம். எந்த மீன் கேட்பது?

மீன் பெயர்கள் இங்கே கொஞ்சம் மாறும், அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சென்னையில் வஞ்சிரம் என்பது இங்கே நெய்மீன். மத்தி இங்கே சாளை. கானாங்கெளுத்தியை அயிலை என்போம். நெத்திலிக்கு நெத்தோலி.

பிள்ளைக்கு நெய்மீன்தான் முதலில். துண்டு போட்டு வரும், நடுமுள்ளைச் சுற்றிச் சதை சுலபமாகக் கழன்றுவிடும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு துண்டில் இரண்டு பிள்ளைகள் சாப்பிடலாம். மசாலா போடாமல் மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்துத் தர முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மசாலா தடவி ஊறவைத்த பிறகு கேட்டுப் பயனில்லை. கூட்டமில்லாத நேரத்தில் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். "பிள்ளைக்குக் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் மறுப்பது குறைவு. பரிமாறுகிறவரே வந்து, "மக்ளே, மீன் திம்பியா?" என்று கேட்டு நல்ல நடுத்துண்டாகப் பார்த்து வைத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சாளை ருசியில் ராஜா, ஆனால் நூல் நூலாக முள். அது பெரியவர்களுக்கு. நெத்தோலியை மொறுமொறுவென்று பொரித்தால் முள்ளோடு நொறுங்கிவிடும். ஏழெட்டு வயதுக்கு மேலான பிள்ளைகள் பொரிகடலை போல எடுத்துத் தின்பார்கள். சூரையில் நுண்முள் தொல்லை குறைவு, ஆனால் சூரையும் அயிலையும் வெயிலில் கிடந்தவையாக இருந்தால் சமைத்த பிறகும் முகம் சிவந்து தடிக்கும்படி ஒத்துக்கொள்ளாமல் போகும். மீன் அன்றன்றைக்கே விற்றுப்போகும் கடையில் மட்டும் அவற்றை வாங்குங்கள். கணவாய் ரப்பர் போல இழுக்கும், சின்னப் பிள்ளைக்கு வேண்டாம்.

வாழையிலையில் ஒரு துண்டை உதிர்த்து, விரல்களால் இரண்டு முறை தடவிப் பார்த்து, பிறகு சோற்றோடு பிசையுங்கள். கரண்டிக்கு முள் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மீனுக்கு அன்றைய சந்தை விலைதான், பட்டியலில் எழுதியிருக்காது. கேட்பதில் கூச்சமே வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்டுத்தான் வாங்குகிறோம்.

முடிந்தால் ஒரு நாள் காலை, வள்ளங்கள் கரையேறும் கடற்கரைக் கிராமம் எதற்காவது பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். வலையிலிருந்து மீன் உதிர்ப்பதையும், கூறு போட்டு ஏலம் விடுவதையும் பார்த்த பிள்ளை, மதியம் அதே மீனைத் தட்டில் பார்த்தால் முகம் சுளிக்காது. வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று பாருங்கள்.

முள் தொண்டையில் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்கலாமா?

வேண்டாம். நம் பாட்டிகள் எல்லாரும் சொன்னதுதான், எங்கள் வீட்டிலும் செய்தோம். உறவுக்காரப் பெண் குழந்தைக்குச் சோற்று உருண்டை கொடுத்ததில் முள் இன்னும் ஆழமாகக் குத்திக்கொண்டது. மறுநாள் காலை காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் எடுத்தார். தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள். குத்தும் உணர்வு போகவில்லையென்றால், எச்சில் விழுங்க முடியவில்லையென்றால் உடனே மருத்துவமனை. நாகர்கோவிலை ஒட்டி ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள்.

மே மாதம் மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்களே, மீன் கிடைக்குமா?

கிடைக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கணக்கில் வரும் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்கள் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகளை 61 நாள் நிறுத்திவைக்கிறார்கள். அதனால் மே மாதம் மேற்கிலிருந்து மீன் வரும், ஜூன் முதல் இரண்டு வாரம்தான் இரண்டு பக்கமும் நின்றிருக்கும். அப்போதும் வள்ளங்களும் கட்டுமரங்களும் போகும். நெய்மீன் போன்ற பெரிய மீன் விலை ஏறும், ஐஸில் வைத்த மீனும் வரும். அந்த நாட்களில் "இன்னைக்கு வள்ளத்து மீன் என்ன இருக்கு?" என்று கேட்டு, இருப்பதைச் சாப்பிடுவது நல்லது.

மரச்சீனிக் கிழங்கு சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

நன்றாக வெந்தது என்றால் கொடுக்கலாம். கப்பை, மரவள்ளி எல்லாம் இதுதான். அவித்த கிழங்கை நடுநரம்பு எடுத்துவிட்டு, மசித்து, கொஞ்சம் மீன்குழம்பு தொட்டுக் கொடுங்கள். வேகாத கிழங்கு மட்டும் கூடாது, அதில் நச்சுத்தன்மை உண்டு. கதை கேட்கும் வயதுப் பிள்ளையென்றால், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கை மக்களிடம் பரப்பிய கதையைச் சொல்லுங்கள். ராஜா பயிரிடச் சொன்ன கிழங்கு என்றால் இன்னும் ஒரு வாய் கூடுதலாக இறங்கும்.

ஒரு வயதுகூட ஆகாத பாப்பாவோடு வரலாமா?

தாராளமாக வரலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தானே, உணவைப் பற்றிய கவலையே இல்லை. பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் வந்திருக்கின்றன. சாப்பாட்டுக் கடையில் குடும்ப அறை இருந்தால் அங்கே உட்காருங்கள், இல்லாவிட்டால் சுவர் ஓரத்து மேசை.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு இந்த ஊரின் மட்டிப்பழம் வரப்பிரசாதம். விரல் போல ஒல்லியாக, நல்ல மணமாக இருக்கும். இங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு முதலில் மசித்துக் கொடுக்கும் பழம் இது. 2023இல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாகர்கோவில் பழக்கடைகளில் தாராகத் தொங்கும், தோல் நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து வாங்குங்கள். இடியாப்பத்தைச் சுடுதண்ணீரில் நனைத்து மசித்தும் கொடுக்கலாம்.

மார்த்தாண்டம் தேன் பெயர் பெற்றது. வீட்டுக்கு வாங்கிப் போங்கள், ஆனால் ஒரு வயது முடியாத குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து நரம்பைப் பாதிக்கும். சுத்தமான தேன் என்பதால் இது மாறாது. வீட்டுப் பெரியவர்கள் ஆசையாக வைக்க வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

என் மகளுக்கு முந்திரி ஒவ்வாமை. எதில் கவனம் வேண்டும்?

பாயசம், பிரியாணி, சில குருமாக்களில் முந்திரி இருக்கும். இங்கே சமையற்காரர்களிடம் அண்டிப்பருப்பு என்று சொன்னால் உடனே புரியும். முந்திரிக்கொத்து என்ற பலகாரத்தின் பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். வறுத்த சிறுபயறும் வெல்லமும் தேங்காயும் உருட்டி, மூன்று மூன்றாக மாவில் தோய்த்துப் பொரிப்பது அது. ஆனாலும் செய்கிறவரிடம் கேட்காமல் கொடுக்கவேண்டாம், எள், முந்திரி என்று அவரவர் கைப்பழக்கத்தில் சேர்ப்பவர்கள் இருக்கலாம். மீன், இறால் ஒவ்வாமை உள்ள பிள்ளையென்றால் அசைவக் கடையில் பப்படம்கூட மீன் பொரித்த எண்ணெயில் பொரித்ததாக இருக்கும். சுத்த சைவக் கடையே பாதுகாப்பு.

தண்ணீர், சர்பத், ஐஸ்?

பல கடைகளில் சீரகமோ பதிமுகமோ போட்டுக் கொதித்த தண்ணீர் வைப்பார்கள். லேசான சிவப்பு நிறம் பார்த்துப் பயப்படவேண்டாம், அது பதிமுகக் கட்டையின் நிறம். சூடாக இருந்தால் தைரியமாகக் கொடுங்கள். ஆறிப்போயிருந்தால், பச்சைத் தண்ணீர் கலந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சர்பத்தில் ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இது மீன் ஊர், மீனுக்குப் போடும் ஐஸ் கட்டி எங்கும் கிடைக்கும், எந்த ஐஸ் என்று நமக்குத் தெரியாது. இளநீரைக் கண்ணெதிரே வெட்டச் சொல்லி வாங்கினால் எந்தக் கவலையும் இல்லை. விடியற்காலை அக்கானி கிடைத்தால் ஒரு மடக்கு ருசி காட்டலாம். பதநீரைத்தான் அப்படிச் சொல்கிறோம். வெயில் ஏறினால் புளித்துவிடும், அப்புறம் பிள்ளைக்கு வேண்டாம். நுங்கு வழுக்கும் பண்டம், சின்னவர்களுக்கு விரலால் மசித்துக் கொடுங்கள்.

கடற்கரையில் விற்பதைக் கேட்டு அடம் பிடிக்கிறார்களே?

ஒன்று வாங்கிக் கொடுங்கள். எதை வாங்குவது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். அவித்த கடலை, சுட்ட சோளம், கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுக்கும் பஜ்ஜி ஆகியவை சரி. வெட்டி வைத்த பழமும், ஆறிய பொரித்த மீனும் வேண்டாம்.

சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாலும் அலையிலிருந்து நன்றாகத் தள்ளி உட்காருங்கள். காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று பெரிய அலை ஏறிவரும், அதைக் கள்ளக்கடல் என்பார்கள். கை கழுவ என்று பிள்ளையைத் தனியாகத் தண்ணீருக்கு அனுப்பவே கூடாது. பாட்டில் தண்ணீரில் கழுவுங்கள்.

அருவிக்கும் அரண்மனைக்கும் ஒரே நாளில் போகலாமா?

போகலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியது ஊட்டுப்புரை. சுமார் ஆயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீளமான கூடம், ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பெரிய பரணிகள். "இவ்ளோ பேருக்கும் யார் சமைச்சா?" என்று கேட்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

காலையில் அரண்மனை, பன்னிரண்டரைக்குத் தக்கலையில் சாப்பாடு, வண்டியில் ஒரு தூக்கம், மூன்று மணிக்குத் திற்பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைய உண்டுவிட்டு உடனே அருவியில் நிற்கவேண்டாம். குளித்து ஏறியதும் பிள்ளைகளுக்கு அகோரப் பசி எடுக்கும். அப்போது சூடான சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் கையில் இருக்கவேண்டும். மேற்கே போகப் போக அதைப் பழம்பொரி என்பார்கள். சின்னவர்களுக்குச் சாயாவுக்குப் பதில் பால்.

நல்ல கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளே உள்ளூர்க் குடும்பங்கள், அவர்களோடு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கை கழுவும் இடத்தையும் கழிப்பறையையும் முதலில் பாருங்கள், அவை சுத்தமென்றால் அடுக்களையும் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பெரிய மெனு அட்டையை விரிக்காதீர்கள். "இப்ப உடனே என்ன தயாரா இருக்குண்ணே?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு அதை முதலில் வரவழைத்துவிட்டு, உங்களுக்கு வேண்டியதை நிதானமாகச் சொல்லுங்கள். சிறிய மெஸ்கள் சில ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எவர்சில்வர் தட்டு, சின்னக் கரண்டி, ஒரு துண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

போன் கொடுக்காமல் எப்படி உட்கார வைப்பது?

வேலை கொடுங்கள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பது, பப்படம் நொறுக்குவது, ஆளுக்கு ஒரு டம்ளர் வைப்பது. என் வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் முதலில் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையை வெளியே கூட்டிப்போய் வாழைத்தார் எண்ண வைப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் தாய் சூடாக, இரண்டு கையும் காலியாக, நிம்மதியாகச் சாப்பிடவேண்டும். விடுமுறை அவளுக்கும்தான். இதை மட்டும் வருகிற எல்லாக் குடும்பத்திடமும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

வயிறு கெட்டுவிட்டால்?

நாலு ஓஆர்எஸ் பொட்டலம் உங்கள் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். உலக சுகாதார நிறுவன அளவில் தயாரித்தது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், பெட்டியில் வரும் இனிப்புப் பானம் அதற்கு ஈடாகாது. பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். மோர்க்கஞ்சி எந்த மெஸ்ஸில் கேட்டாலும் செய்து தருவார்கள். மலத்தில் இரத்தம் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை துவண்டு போனாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

திரும்பும் ரயிலுக்கு என்ன கட்டிக்கொள்வது?

மாலை ரயில் என்றால் இட்லியில் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டித் தரச் சொல்லுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், ராத்திரிக்குள் ஊசிப்போகும். அவித்த ஏத்தன் பழம் இரண்டு, மட்டிப்பழம் ஒரு சீப்பு. நேந்திரம் சிப்ஸ் பெரிய பிள்ளைகளுக்கு, ஐந்து வயதுக்குக் கீழே கொடுக்கவேண்டாம், கடினமாக இருக்கும், ஓடும் வண்டியில் புரையேறும். முந்திரிக்கொத்து ஒரு வாரம் தாங்கும், அதை ஊருக்குப் போய்ப் பிரித்துக்கொள்ளலாம்.